அறுபத்து மூவரும் ஒரு குவளை மோரும்

பங்குனி மாதத்து வெயில் பிற்பகல் மூன்று மணிக்கும் தணியவில்லை. ஆயினும் சென்னை மயிலாப்பூரின் தெற்கு மாட வீதியில் கால் வைக்க இடமில்லை. தோளில் குழந்தையைச் சுமந்த தந்தையர், கூடையில் மல்லிகையுடன் பூக்காரப் பெண்கள், ஊதலை விடாமல் ஊதும் சிறுவர்கள், பலூன்காரர், பஞ்சு மிட்டாய்காரர், மரச் சொப்புகளைச் சாலையோரத்தில் பரப்பிய வியாபாரி என எங்கும் மக்கள் வெள்ளம். பத்தடிக்கு ஒரு பந்தல். ஒன்றில் நீர்மோர், ஒன்றில் பானகம், மற்றொன்றில் தொன்னை தொன்னையாகப் புளியோதரை. வாங்குபவர் யார், எந்த ஊர் என்று எவரும் கேட்பதில்லை. அருள்மிகு கபாலீசுவரர் திருக்கோயிலின் பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் அது. மயிலை மக்கள் 'அறுபத்து மூவர்' என்று சுருக்கமாகச் சொல்லும் நாள்.

அந்தக் கூட்டத்தில் தஞ்சையிலிருந்து வந்த நண்பர்கள் நால்வரும் இருந்தனர். ஒரே பள்ளியில் படித்து, வெவ்வேறு பணிகளில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். ஆண்டுக்கு ஒரு தலம் என்று சேர்ந்து யாத்திரை செல்வது அவர்கள் வழக்கம். அவ்வழக்கம் மூன்று ஆண்டுகளாக நின்று போயிருந்தது. நால்வரில் ஒருவர் தம் ஒரே மகளை நோய்க்குப் பறிகொடுத்திருந்தார். அவள் விட்டுச் சென்ற பெண் குழந்தைக்கு இப்போது ஐந்து வயது. பாட்டனார் வீட்டில்தான் வளர்கிறது.

இளமையில் ஊர்க் கோயில் ஓதுவாரிடம் தேவாரம் பயின்றவர் அவர். மகள் மறைந்த நாளிலிருந்து ஒரு பதிகமும் பாடியதில்லை. துக்கம் நிகழ்ந்த வீட்டில் ஓராண்டு பண்டிகை கொண்டாடாமல் இருப்பது உலக வழக்கு. அவர் வீட்டிலோ அந்த ஓராண்டு மூன்றாண்டாக நீண்டுவிட்டது. கார்த்திகைக்கு வாசலில் அகல் ஏற்றவில்லை. திருவாதிரைக்குக் களி செய்யவில்லை. தெருவில் சுவாமி புறப்பாடு வரும்போது கதவைச் சாத்திவிடுவார். மேளச் சத்தம் கேட்டு ஓடிவரும் பேத்தி, சாத்திய கதவின் பின்னால் நின்றுவிட்டுத் திரும்புவாள்.

நண்பர்கள் மிகவும் வற்புறுத்தியே இவ்வாண்டு அவரை அழைத்து வந்தனர். அவர்களுக்கு ஒரு தயக்கமும் இருந்தது. எட்டாம் நாள் காலையில் திருக்குளக்கரையில் நடைபெறும் நிகழ்ச்சி, இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றியது. அதைத் தவிர்த்துப் பிற்பகல் ஊர்வலத்திற்கு மட்டும் செல்வதென்று மூவரும் தமக்குள் பேசி வைத்திருந்தனர். எழும்பூரில் இறங்கியதும் அவரே சொன்னார்: "காலையிலேயே குளக்கரைக்குப் போய்விடுவோம்."

"அங்கே என்ன நடக்கும் என்று உனக்கு..."

"தெரியாமலா? அந்தப் பதிகத்தைப் பத்து வயதில் பாடம் பண்ணியவன் நான்."

பூம்பாவையின் கதை

மயிலையில் வாழ்ந்த பெருவணிகர் சிவநேசர். திருஞானசம்பந்தரிடம் அளவற்ற பக்தி கொண்டவர். தம் மகள் பூம்பாவையும் தம் செல்வம் முழுவதும் சம்பந்தருக்கே உரியவை என்று உறுதி பூண்டிருந்தார். ஒருநாள் நந்தவனத்தில் மலர் பறிக்கச் சென்ற அச்சிறுமியை அரவம் தீண்டியது. மருத்துவமும் மந்திரமும் பலிக்கவில்லை. அவளை எரியூட்டிய பின், எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் இட்டுக் கன்னிமாடத்தில் வைத்துப் பாதுகாத்தார் சிவநேசர். உயிரோடு இருந்தபோது செய்தவாறே நாள்தோறும் அக்குடத்திற்கு மலர் சூட்டி, அமுது படைத்து வந்தார்.

திருவொற்றியூரிலிருந்து சம்பந்தர் மயிலைக்கு எழுந்தருளினார். நடந்ததை அறிந்து, அக்குடத்தைக் கோயில் மதிற்புறத்து வாயிலுக்குக் கொணரச் செய்து, பதிகம் பாடினார். குடம் உடைந்து, பன்னிரண்டு வயதுப் பெண்ணாகப் பூம்பாவை எழுந்தாள். அவளை ஏற்றுக்கொள்ளுமாறு சிவநேசர் வேண்ட, உயிர் கொடுத்தமையால் அவள் தமக்கு மகள் ஆவாள் என்று கூறி மறுத்துவிட்டார் சம்பந்தர். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் இதனை விரிவாகப் பாடியுள்ளார்.

இரண்டாம் திருமுறையில் 47-ஆவது பதிகமாக அமைந்துள்ள அப்பாடல்கள் சீகாமரப் பண்ணில் பாடப்படுபவை. மாண்டவளை எழுப்ப சம்பந்தர் அங்கே கையாண்ட முறை வியப்புக்குரியது. மந்திர உச்சாடனம் இல்லை. எமனுக்கு ஆணையும் இல்லை. ஊர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இதனைக் காணாமலே செல்வாயோ என்று அப்பெண்ணைக் கேட்கிறார். முதற்பாடலில் அடியார்களுக்கு அமுது படைக்கும் காட்சி. அடுத்து ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி விழா, பொன்னூசல், நிறைவில் பெருஞ்சாந்தி. பத்துப் பாடல்களில் மயிலையின் விழாக்கள் யாவும் வந்துவிடுகின்றன. ஏழாம் நூற்றாண்டில் இவ்வூரில் எவ்வெவ்விழாக்கள் நடைபெற்றன என்பதற்கு இப்பதிகமே சான்று. அதன் ஏழாம் பாடலில் வரும் பங்குனி உத்திரத்தை ஒட்டியே இன்றைய பெருவிழாவும் நடைபெறுகிறது.

குளக்கரையில்

காலையில் சம்பந்தர், சிவநேசர், பூம்பாவை ஆகியோரின் திருவுருவங்கள் குளக்கரைக்கு எழுந்தருளின. ஓதுவார்கள் பதிகத்தைத் தொடங்கினார்கள். நண்பர்கள் மூவரும் சுவாமியைப் பார்த்ததைவிடத் தம் தோழரின் முகத்தைப் பார்த்ததே அதிகம். அவர் அசையாமல் நின்றார். கார்த்திகை விளக்கீட்டைச் சொல்லும் பாடல் வந்தபோது மட்டும் உதடுகள் அசைந்தன, ஒலி எழவில்லை. பதிகம் நிறைவுற்று, பூம்பாவை எழுந்த ஐதீகம் நிகழ்ந்து தீபாராதனை காட்டப்பட்டதும், கரையெங்கும் 'நமப் பார்வதி பதயே' என்ற முழக்கம் எழுந்தது. அவர் முகத்தைத் திருப்பிக் கொண்டார்.

தங்குமிடத்திற்குத் திரும்பலாமா என்று ஒருவர் மெல்லக் கேட்டார்.

"சிவநேசருக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கப் போவதுமில்லை" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "அதற்காக இங்கே வந்துவிட்டு ஓடவும் வேண்டாம். ஊர்வலத்தைப் பார்த்துவிட்டே போவோம்."

வீதியுலா

கபாலீசுவரர் கோயிலில் மூலவர் மேற்கு நோக்கி வீற்றிருக்கிறார், எதிரே திருக்குளம். ஏழுநிலை இராஜகோபுரமோ கிழக்கில் இருக்கிறது. வடக்கு, கிழக்கு, தெற்கு மாட வீதிகளும், குளத்துக்கு மேற்கே செல்லும் இராமகிருஷ்ண மடம் சாலையும் சுற்றி அமைந்துள்ளன. விழாவின் மூன்றாம் நாள் அதிகார நந்தி, ஐந்தாம் நாள் இடப வாகனம், ஏழாம் நாள் திருத்தேர் என இவ்வீதிகள் பத்து நாளும் உறங்குவதில்லை. எட்டாம் நாளில்தான் அடியார்களுக்கு முதன்மை.

விநாயகர் முன்னே வர, சப்பரங்களில் சிலர் சிலராக நாயன்மார்கள் வருகிறார்கள். வேடராகிய கண்ணப்பர், மீனவராகிய அதிபத்தர், குயவராகிய திருநீலகண்டர், ஆடை வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர், அரசராகிய சேரமான் பெருமாள், பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்காலம்மையார் என ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். நாட்டை ஆண்டவரும் துணி துவைத்தவரும் ஒரே உயரத்தில் தோள்களில் வருகின்றனர். வெள்ளி விமானத்தில் கபாலீசுவரர், தொடர்ந்து கற்பகாம்பாள், சிங்காரவேலர், சண்டிகேசுவரர். கோலவிழி அம்மன், முண்டகக்கண்ணி அம்மன் முதலிய அண்டைத் தெய்வங்களும் இவ்வுலாவில் கலந்துகொள்வர்.

அறுபத்து மூவருள் ஒருவரான வாயிலார் நாயனார் மயிலையிலேயே பிறந்தவர். அவர் செய்த வழிபாடு முழுவதும் மனத்துக்குள்ளேயே நிகழ்ந்தது. உள்ளத்தில் கோயில் எழுப்பி, அறிவை விளக்காக ஏற்றி, ஆனந்தத்தை நீராக ஆட்டி, அன்பை அமுதாகப் படைத்தார். நாதசுரமும் தவிலும் சங்கும் கைத்தட்டலும் வானை எட்டும் வீதியில் அந்த மௌனியும் வருகிறார். ஆரவாரமே பக்தி என்று கொள்வோருக்கும், ஆரவாரம் பக்தியாகாது என்று ஒதுங்குவோருக்கும் இக்காட்சி ஒருசேர விடையாகும்.

மோர்ப் பந்தல்

தெற்கு மாட வீதியின் ஒரு பந்தலில், பெரிய அண்டாவின் பின்னால் நின்ற இளைஞன் நண்பர்களுக்கு நீர்மோர் கொடுத்தான். காலையிலிருந்து மொண்டு மொண்டு அவன் கை சோர்ந்திருந்தது. குவளையைத் திருப்பிக் கொடுத்த அந்தத் தந்தை ஒரு கணம் தயங்கினார், பின்னர், "தம்பி, நீ சற்று உட்கார். நான் ஊற்றுகிறேன்" என்று கரண்டியை வாங்கிக் கொண்டார்.

ஒரு மணி நேரத்திற்கு மேல் அவர் அங்கேயே நின்றார். சட்டை நனைந்தது, நெற்றியில் திருநீறு கரைந்தது. கைகள் நீண்டுகொண்டே இருந்தன. சுமை இறக்கிய கூலித் தொழிலாளி, பட்டுப்புடவை உடுத்திய மூதாட்டி, காவலர், குழந்தையை இடுப்பில் தாங்கிய இளந்தாய். பேத்தி வயதுச் சிறுமி ஒருத்தி குடித்துவிட்டு, "தாத்தா, இன்னொரு டம்ளர்" என்று கை நீட்டினாள். அவளுக்கு ஊற்றிக் கொடுத்தபின் அவர் சிறிது நேரம் கரண்டியை அண்டாவின் விளிம்பில் வைத்துவிட்டு நின்றார். அருகில் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்த நண்பர் எதுவும் கேட்கவில்லை.

அவரே பேசினார்: "பத்து வயதில் பாடம் பண்ணினேன். இத்தனை ஆண்டும் அது இறந்தவளிடம் கேட்ட கேள்வி என்றே நினைத்திருந்தேன். குடத்தருகில் சிவநேசரும்தானே நின்றிருப்பார்? அவர் காதிலும்தானே அது விழுந்திருக்கும்? மகள் போன பின்பு அவர் எந்த விழாவைப் பார்த்திருக்கப் போகிறார்?" சற்று நிறுத்தி, "என் வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது. அவள் ஒரு விழாவையும் காணாமல் வளர்கிறாள். கதவைச் சாத்தியவன் நான்" என்றார்.

மறுமொழி சொல்ல நண்பர்களுக்கு வார்த்தை இல்லை. அந்நேரம் அடுத்த சப்பரம் நெருங்கியது. கூட்டம் கைகளை உயர்த்தியது, அவரும் உயர்த்தினார்.

மாலை மங்கியதும் நால்வரும் வடக்கு மாட வீதி வழியாகத் திரும்பினர். சொப்புக் கடையின் முன் அவர் நின்றார். மர அடுப்பு, உருளி, அம்மி, உரல், சின்னஞ்சிறு பானை. ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்த்து, ஒரு முழுச் செட்டை வாங்கினார். பேரம் பேசவில்லை. பின்பு பக்கத்துக் கடையில் அகல் விளக்குகள் உண்டா என்று கேட்டார். கார்த்திகைக்கு இன்னும் பல மாதங்கள் இருக்கின்றனவே என்று கடைக்காரர் சிரித்தார். "இருக்கட்டும்" என்று பன்னிரண்டு அகல்களைப் பொதிந்து வாங்கிக்கொண்டார்.

மாண்டவர் மீள்வது சம்பந்தர் போன்ற அருளாளர்களின் காலத்து அற்புதம். இருப்பவர் மீள்வதோ ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வோர் ஊர்த் திருவிழாவிலும் நிகழக்கூடியது. துயருற்ற இல்லங்களின் கதவை வலிந்து திறக்க எவராலும் இயலாது. ஆனால் உரிய காலம் வந்ததும், கைபிடித்து வீதிக்கு அழைத்துவர ஒரு நண்பர் வேண்டும். அவ்வீதியில் ஒரு குவளை மோரும், அதை ஊற்றிக் கொடுக்க ஒரு வாய்ப்பும் இருந்தால் போதும்.

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் மயிலைக்குச் செல்வோர் பிற்பகல் ஊர்வலத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், காலையில் குளக்கரைப் பதிகத்தையும் கேட்டு வருதல் நலம். திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே கோயிலை அடையலாம். குழந்தைகளை மறவாமல் அழைத்துச் செல்லுங்கள். கற்பகாம்பாள் உடனுறை கபாலீசுவரரின் திருவருள் எல்லா இல்லங்களிலும் விளக்கேற்றட்டும்.