டைல்சை அப்புறம் பாருங்க... கல்லை முதலில் எடுங்க! சமையல் மேடைக்கு எது பொருந்தும்? கடலூர், சிதம்பரத்தில் வீடு கட்டுவோர் கவனத்துக்கு

கடலூர்:

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் புதுசாக வீடு கட்டுகிறவர்கள் கடைசி கட்டத்தில் திணறுவது சமையல் அறையில்தான். அஸ்திவாரம், சுவர், கூரை எல்லாம் மேஸ்திரி பொறுப்பில் முடிந்து விடும். அடுப்பு மேடைக்கு என்ன கல் போடுவது, அதுக்கு பின்னால் சுவரில் என்ன டைல்ஸ் ஒட்டுவது என்பதை மட்டும் வீட்டுக்காரர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கையில் இருந்த பணம் கரைந்து, கிரகப்பிரவேச தேதியும் நெருங்கி நிற்கும் நேரம் அது.

அந்த அவசரத்தில் பலர் செய்வது என்ன? முதலில் டைல்ஸ் கடைக்கு போகிறார்கள். ஆபரில் கிடைக்கிறது என்று பூ போட்ட டைல்ஸ், பழக்கூடை படம் போட்ட டைல்ஸ் என வாங்கி வீட்டில் இறக்கி விடுகிறார்கள். அதன் பிறகு கல் கடைக்கு போனால் அந்த டைல்சுக்கு பொருந்துகிற கல் கிடைப்பது இல்லை. கிடைத்த கல்லை போட்டுவிட்டு, "ஒண்ணுக்கு ஒண்ணு ஒட்டலையே" என்று காலம் முழுக்க பார்த்து வருத்தப்பட வேண்டியதுதான்.

வரிசையை மாற்றினால் பாதி பிரச்சினை தீர்ந்து விடும். முதலில் கல், அடுத்து டைல்ஸ். இதற்கு காரணம் என்ன? எந்த கல்லுக்கு எந்த டைல்ஸ்? கடைக்காரர் சொல்வது நிஜமா என்று எப்படி கண்டுபிடிப்பது? விவரம் வருமாறு:-

ஏன் கல் முதலில்?

டைல்ஸ் தொழிற்சாலையில் செய்வது. நூற்றுக்கணக்கான நிறத்தில் கிடைக்கும். கல் பூமியில் இருந்து வெட்டி எடுப்பது. அதில் இருக்கிற நிறம்தான் கிடைக்கும். நிறைய நிறம் உள்ள பொருளை, குறைந்த நிறம் உள்ள பொருளுக்கு ஏற்ப தேடுவதுதான் சுலபம்.

இன்னொரு காரணமும் உண்டு. டைல்ஸ் பிடிக்காமல் போனால் பழைய டைல்ஸ் மேலேயே பசை போட்டு புது டைல்ஸ் ஒட்டி விடலாம். மேடை கல்லை மாற்ற வேண்டும் என்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். சிங்க், குழாய், கியாஸ் இணைப்பு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இரட்டை செலவு.

அதோடு அன்றாடம் அடி வாங்குவதும் கல்தான். கொதிக்கிற குழம்பு சட்டியை இறக்கி வைப்பது, தேங்காய் உடைப்பது, மீன் அறுப்பது, நண்டு ஓடு தட்டுவது எல்லாம் அதன் மேல்தான். பின்னால் உள்ள டைல்ஸ், தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெயையும் மஞ்சளையும் தாங்கினால் போதும்.

கடப்பா கல்

பணம் குறைவாக உள்ளவர்கள் முதலில் கேட்பது கடப்பா கல். ஆந்திராவின் கடப்பா மாவட்டத்து பெயர்தான் இதற்கு. பார்க்க கறுப்பாக, கிரானைட் போலவே இருக்கும். ஆனால் இது சுண்ணாம்பு வகை கல். எலுமிச்சை சாறு, புளி கரைசல் பட்டு உடனே துடைக்காமல் விட்டால் அந்த இடம் பளபளப்பு போய் வெளுத்து விடும். நம்ம ஊர் சமையலில் புளி இல்லாத நாளே கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

அதற்காக கடப்பாவை ஒதுக்கவும் தேவை இல்லை. 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3½ லட்சம் என்பது கணக்கு. இதுபோல எண்ணிச் செலவு செய்ய வேண்டிய வீடுகளில் கடப்பா கை கொடுக்கும். புளி, எலுமிச்சை பட்டால் உடனே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அவ்வப்போது சொட்டு தேங்காய் எண்ணெய் தேய்த்து துடைத்தால் கறுப்பு நிறம் எடுத்துக் கொடுக்கும்.

கிரானைட்

பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றது கிரானைட்தான். சூடு தாங்கும். புளி, எலுமிச்சைக்கு அசையாது. கத்தி கீறலும் சுலபத்தில் விழாது.

சிதம்பரம் பகுதி வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள வண்டல் மண் பூமி. சுற்றுவட்டாரத்தில் மலை கிடையாது. அதனால் இங்கு வரும் கல் எல்லாமே வெளியூர் சரக்கு. திண்டிவனம் பக்கத்து குன்னம் பகுதி கறுப்பு கிரானைட்டுக்கு பெயர் பெற்றது. அலை அலையாக ஓடும் பாரடைஸோ, கிருஷ்ணகிரி பக்கத்து கல். கறுப்பில் பொன் புள்ளி மின்னும் பிளாக் கேலக்ஸி, ஆந்திராவின் சீமகுர்த்தி சரக்கு. காபி நிற டான் பிரவுன் வருவது தெலுங்கானாவின் கரீம்நகரில் இருந்து.

வெள்ளை, வெளிர் நிற கிரானைட் பார்க்க அழகு. ஆனால் அதில் பல ரகங்கள் எண்ணெயையும் தண்ணீரையும் உறிஞ்சும். மஞ்சள் கறை உள்ளே இறங்கி விட்டால் எடுப்பது கஷ்டம். அதைத்தான் போடுவேன் என்பவர்கள் மேலே சீலர் பூசச் சொல்லி கேட்டு வாங்க வேண்டும்.

மார்பிள், குவார்ட்ஸ்

மார்பிளும் சுண்ணாம்பு வகைதான். பூஜை அறைக்கு சரி, அடுப்பு மேடைக்கு வேண்டாம்.

இப்போது கடைகளில் குவார்ட்ஸ் என்று சொல்லி விற்பது முழு கல் அல்ல. கல் தூளை பிசினோடு கலந்து அழுத்தி செய்யும் பலகை. கறை பிடிக்காது, ஒரே நிறமாக இருக்கும். ஆனால் பிசின் இருப்பதால் அடுப்பில் இருந்து இறக்கிய குக்கரை நேராக வைக்கக் கூடாது. நிறம் மாறி விடும். விலையும் சாதாரண கிரானைட்டை விட அதிகம்.

கடையிலேயே 3 சோதனை

கல் வாங்க போகும்போது ஒரு எலுமிச்சம்பழம், ஒரு பாட்டில் தண்ணீர், கொஞ்சம் பஞ்சு, நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் ஆகியவற்றை எடுத்து போனால் ஏமாறாமல் வரலாம். சோதனையை துண்டு கல்லில் செய்ய வேண்டும்.

1) எலுமிச்சை சாறு சில சொட்டு விட்டு 10 நிமிடம் கழித்து துடைக்க வேண்டும். நுரைத்தாலோ, அந்த இடம் மங்கினாலோ அது கிரானைட் அல்ல. சுண்ணாம்பு கல்.

2) தண்ணீர் சொட்டு விட்டு பார்க்க வேண்டும். சில நிமிடத்தில் அந்த இடம் கறுத்தால் கல் உறிஞ்சுகிறது என்று அர்த்தம். எண்ணெயும் அப்படித்தான் இறங்கும்.

3) கறுப்பு கல் என்றால் நெயில் பாலிஷ் திரவத்தை பஞ்சில் நனைத்து தேய்க்க வேண்டும். பஞ்சில் கறுப்பு ஒட்டினால் அது சாயம் ஏற்றிய கல். கொஞ்ச நாளில் சாயம் வெளுத்து திட்டு திட்டாக தெரியும்.

எதுக்கு எது ஜோடி?

கல்லை முடிவு செய்த பிறகு அதில் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு டைல்ஸ் கடைக்கு போக வேண்டும். நம்ம மாவட்டத்து விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்கு பேர் போன ஊர். ஆனால் நாட்டில் தயாராகும் சுவர் டைல்சில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியில் இருந்து வருகிறது. கடையில் லைட், டார்க், ஹைலைட்டர் என மூன்றையும் செட்டாக காட்டுவார்கள். மூன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

இரண்டில் ஒன்றுதான் கண்ணை இழுக்க வேண்டும். கல்லில் புள்ளி, அலை அதிகம் இருந்தால் டைல்ஸ் வெறும் நிறமாக இருக்கட்டும். கல் ஒரே நிறம் என்றால் டைல்சில் பூ, கட்டம் இருக்கலாம். இரண்டிலும் டிசைன் இருந்தால் சமையல் அறை சந்தைக்கடை மாதிரி தெரியும்.

கறுப்பு கல்லுக்கு வெள்ளை, கிரீம், வெளிர் மஞ்சள் என எதுவும் சேரும். ஸ்டீல் கிரே போன்ற சாம்பல் நிற கல்லுக்கு வெள்ளை அல்லது வெளிர் சாம்பல். டான் பிரவுனுக்கு கிரீம், சந்தன நிறம் எடுப்பு. அதுக்கு பளீர் வெள்ளை வைத்தால் கல் அழுக்காக தெரியும்.

ஒரே ஒரு சின்ன ஜன்னல் உள்ள அறையில் கல்லும் கறுப்பு, டைல்சும் டார்க் என்று போட்டால் பகலிலேயே லைட் போட வேண்டி வரும். அங்கே சுவர் வெளிர் நிறமாக இருப்பதுதான் நல்லது. கடையில் டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கல் துண்டையும் டைல்சையும் வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் சேர்த்து வைத்து பார்க்க வேண்டும்.

கடற்கரை ஊருக்கு கவனம்

கடலூர், பரங்கிப்பேட்டை, கிள்ளை என கடலோர ஊர்களில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. அந்த தண்ணீரில் பாத்திரம் கழுவினால் சிங்க் ஓரம் வெள்ளை படியும். பளபளக்கும் முழு கறுப்பு கல்லில் இது பளிச்சென்று தெரியும். புள்ளி போட்ட கல்லில் அவ்வளவாக தெரியாது. போர் தண்ணீர் உப்பாக உள்ள வீடுகள் இதை யோசித்து நிறம் எடுப்பது நல்லது.

மேடையை இரும்பு ஆங்கிள் மேல் நிறுத்தினால் உப்புக்காற்றில் துரு பிடித்து கல் தொங்கி விடும். செங்கல் சுவரோ, நிறுத்தி வைத்த கடப்பா பலகையோதான் பாதுகாப்பு. 2011 டிசம்பர் 30-ந்தேதி தானே புயல், 2015 மழை வெள்ளம், 2024 பெஞ்சல் புயலை ஒட்டி தென்பெண்ணை ஆற்றில் வந்த வெள்ளம் என்று அடி மேல் அடி வாங்கிய மாவட்டம் இது. வெள்ளம் புகும் தெருவில் மேடைக்கு கீழே பிளைவுட் அலமாரி அடித்தால் ஒரே மழையில் ஊறி உப்பி போகும். அங்கே கடப்பா தட்டுதான் நிற்கும். தண்ணீர் வடிந்ததும் கழுவி விட்டு மறுபடி பயன்படுத்தலாம்.

கணக்கு போடுவது எப்படி?

10 அடி நீளம், 2 அடி அகலம் மேடை என்றால் கல் 20 சதுர அடி. பின்சுவரில் 2 அடி உயரத்துக்கு டைல்ஸ் என்றால் அதுவும் 20 சதுர அடி. 12-க்கு 18 அங்குல டைல்ஸ் ஒன்று 1½ சதுர அடி. அப்படி என்றால் 14 டைல்ஸ் வேண்டும். உடைசல், வெட்டுக்கு 2 சேர்த்து 16 வாங்கினால் போதும். பிற்காலத்தில் ஒன்று உடைந்தால் அதே நிறம் கிடைக்காது என்பதால் மீதியை பத்திரமாக வைக்க வேண்டும்.

கல்லில் வெட்டி மீதியாகும் துண்டுக்கும் சேர்த்துதான் பல இடங்களில் பில் போடுகிறார்கள். காசு கொடுத்த துண்டை கேட்டு வாங்கி வர வேண்டும். அதை 4 அங்குல பட்டியாக வெட்டி மேடைக்கு பின்னால் சுவரோடு நிறுத்தி, அதற்கு மேல் டைல்ஸ் ஒட்டலாம். கல்லும் சுவரும் சேரும் மூலையில் தண்ணீர் இறங்காது. டைல்சும் கொஞ்சம் மிச்சம்.

அந்த மூலையில் வெறும் சிமெண்டு பூசினால் விரிசல் விடும். கரப்பான் பூச்சி குடியேறும். சிலிக்கான் பசை அடைப்பதே நல்லது. டைல்ஸ் இடைவெளியில் வெள்ளை சிமெண்டு வைத்தால் மஞ்சள் கறை ஏறும். அடுப்புக்கு பின்னால் உள்ள பகுதிக்காவது எபாக்சி வைக்கச் சொல்லலாம்.

மேடை உயரம் எல்லோருக்கும் ஒன்று அல்ல. சமைப்பவரை நிற்க வைத்து, மடக்கிய முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே அளவு எடுக்க வேண்டும். மேஸ்திரி மனதில் உள்ள அளவில் கட்டினால் பிறகு முதுகு வலிதான்.

வெட்டுபவர் உயிர்

கடைசியாக ஒரு விஷயம். கல்லை வெட்டும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா உள்ளது. அது நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும். இதை முழுசாக குணப்படுத்த மருந்து கிடையாது. கிரானைட்டை விட குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா அதிகம். இதை வெட்டிய தொழிலாளர்கள் பலர் நோயில் விழுந்ததால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1-ந்தேதி முதல் இந்த பலகைக்கு தடை போட்டு விட்டது.

நம்ம ஊரில் வீட்டுக்குள்ளேயே மெஷினை வைத்து, முகத்தில் ஒரு கைக்குட்டை கட்டிக்கொண்டு வெட்டுவது சாதாரணமாக நடக்கிறது. கைக்குட்டை இந்த தூசியை தடுக்காது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டினால் தூசி பெரும் அளவு அடங்கும். வீட்டுக்காரர்கள் சிங்க் ஓட்டை, அடுப்பு ஓட்டை அளவை முன்கூட்டியே கொடுத்து கடையிலேயே வெட்டி வாங்கலாம். வீட்டில்தான் வெட்ட வேண்டும் என்றால் திறந்த வெளியில், தண்ணீர் விட்டு, நல்ல மாஸ்க் போட்டு வெட்டச் சொல்ல வேண்டும். ஒரு குடம் தண்ணீரும் அரை மணி நேரமும்தான் கூடுதலாக ஆகும். குழந்தைகளை அந்த நேரத்தில் பக்கத்தில் விடக் கூடாது.