பணியாள் ரோபோவின் திணை: ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

1. முன்னுரை

உயர்திணை, அஃறிணை என்னும் பாகுபாடு தமிழ்ப் பெயர்களிலும் வினைகளிலும் ஊடுருவி நிற்பது. மனிதனும் அல்லாத, வெறும் பொருளும் அல்லாத ஒரு பாத்திரம் பேசத் தொடங்கும்போது இப்பாகுபாடு மொழிபெயர்ப்பாளரைத் தடுமாறச் செய்கிறது. பிரெஞ்சு அறிவியல் புனைவுச் சித்திரக்கதை ஒன்றில் வரும் நகைச்சுவைப் பணியாள் ரோபோவைச் சான்றாகக் கொண்டு இச்சிக்கலை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கதையும் பாத்திரங்களும்

சிலி நாட்டில் பிறந்த அலெஹாந்த்ரோ ஹோடொரோவ்ஸ்கி எழுத, அர்ஜென்டினா ஓவியர் ஹுவான் ஹிமெனெஸ் வரைந்த ‘மெட்டா-பாரன்களின் குலம்’ 1992 முதல் 2003 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு போர்வீரர் குலத்தின் தலைமுறை வரலாறே இதன் பொருள். அதைச் சொல்வது டோன்ட்டோ என்னும் ரோபோ. கேட்பது லோதார் என்னும் ரோபோ. இரண்டும் தலைவனின் இருப்பிடத்தில் பணிபுரிபவை. லோதார் பதறும், குறுக்கிடும், மேலே சொல்லுமாறு நச்சரிக்கும். கொடுமைகள் நிறைந்த கதையில் வாசகருக்கு மூச்சுவிட இடம் தருவது இந்தக் குறுக்கீடுகளே. கதை கேட்பவர் ‘உம்’ கொட்டும் தமிழ் வழக்கத்தின் பெருக்கிய வடிவம் இது எனலாம்.

பெயர்களும் பொருளுடையன. 1933-இல் தொடங்கிய ‘லோன் ரேஞ்சர்’ வானொலித் தொடரில் நாயகனின் துணைவன் பெயர் டோன்ட்டோ. லீ ஃபாக் 1934-இல் படைத்த மாண்ட்ரேக்கின் துணைவன் பெயர் லோதார். அதாவது, புகழ்பெற்ற இரு துணைவர்களின் பெயர்களை இரு ரோபோக்களும் தாங்கி நிற்கின்றன. மாண்ட்ரேக் கதைகளைப் படித்த தமிழ் வாசகருக்கு இரண்டாவது பெயர் அந்நியமானதன்று. ஸ்பானிய மொழியில் ‘டோன்ட்டோ’ என்பதற்கு முட்டாள் என்று பொருள். ஆனால் இக்கதையில் அறிந்து சொல்வது டோன்ட்டோ, அறியாது கேட்பது லோதார். இம்முரண் பெயர்ப்பில் மறைந்துவிடும்.

3. திணைச் சிக்கல்

பிரெஞ்சில் ‘ரோபோ’ ஆண்பாற்சொல். மனிதனான ஆணையும் ஆண்பாற் பொருளையும் சுட்டுவது ‘இல்’ என்னும் ஒரே பதிலிப்பெயர். எனவே லோதார் ஆளா, பொருளா என்னும் கேள்வியை மூலம் விடுவிக்காமலே விட்டுவிடலாம். தமிழில் அது இயலாது. ‘லோதார் குறுக்கிட்டான்’ அல்லது ‘லோதார் குறுக்கிட்டது’. இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

தன்மை, முன்னிலை வினைகளில் திணை வேறுபாடு இல்லை. ‘கேட்டேன்’, ‘கேட்டாய்’ என்பன இரு திணைக்கும் பொது. ஆகவே இரு ரோபோக்களும் நேருக்குநேர் உரையாடும்வரை சிக்கல் தலைகாட்டாது. படர்க்கையில்தான் அது வெளிப்படும்.

வேற்றுமை உருபுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. ‘ரோபோ வாங்கினான்’ என இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு வருவது பொருட்பெயரின் இயல்பு. ஆனால் ‘ரோபோவிடம் கேட்டான்’ என்பதில் உள்ள ‘இடம்’ உயிருள்ளவற்றுக்கு உரியது. ‘பெட்டியிடம் கேட்டான்’ என்பது இயல்பான வழக்கன்று. பேசும் ரோபோ இவ்வாறு விலங்கின் இடத்தில் நிற்கிறது. நீதிக்கதைகளில் ‘நரி சொன்னது’ என்கிறோம். நரியின் அறிவுக்கு அஃறிணை முடிபு இழுக்காவதில்லை. ‘குழந்தை சிரித்தது’ என்பதில் அன்பே மிகுகிறது. எனவே அஃறிணை என்றாலே இழிவு என்று கொள்ளவேண்டியதில்லை.

4. முடிபுத் தேர்வின் பொருள்

இத்தேர்வு நடையழகு பற்றியது மட்டுமன்று. இக்குலத்தின் மரபுப்படி மகன் உறுப்பிழந்து இயந்திர உறுப்புப் பெறுகிறான். பின்னர்த் தந்தையைப் போரில் கொன்றே அவன் இடத்தை அடைகிறான். ‘எஃகுத் தலை’ என்னும் தலைமுறையினனுக்குத் தலையே உலோகம். அவனை ‘அவன்’ என்று தயக்கமின்றி எழுதும் மொழிபெயர்ப்பாளர், அஞ்சவும் இரங்கவும் தெரிந்த லோதாரை ‘அது’ என்று எழுதினால், மூலம் எழுப்பும் வினாவுக்குத் தாமே விடை கூறியவராகிறார். எல்லா இடத்தும் ‘அவன்’ என்று எழுதினாலும் அதே தவறு நேர்கிறது. பணியாளின் தாழ்நிலை மறைந்துபோகிறது.

பேசுவோரைக் கொண்டு திணையை மாற்றுவதே பொருத்தமான வழி. மனிதர் வாயில் லோதார் ‘அது’. ரோபோக்கள் ஒன்றையொன்று சுட்டும்போது ‘அவன்’. அவை தலைவனைச் சுட்டும்போது ‘அவர்’. உவப்பு முதலிய காரணங்களால் திணை மயங்குவதை வழுவமைதியாக ஏற்றுக்கொண்ட மரபு தமிழுக்குப் புதிதன்று.

5. முடிவுரை

செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் வெளியிட்ட நாடகத்தால் பரவிய ‘ரோபோ’ என்னும் சொல், கட்டாய உழைப்பைக் குறிக்கும் ‘ரோபோட்டா’வினின்றும் பிறந்தது. ‘இயந்திர மனிதன்’ என்னும் தமிழாக்கத்தில் மனிதன் உண்டு, அடிமைத்தனம் இல்லை. சொல் இழந்த அப்பொருளை, ‘அது’ என்பதற்கும் ‘அவன்’ என்பதற்கும் இடையிலான வேறுபாட்டால் தமிழ் மீட்டுத்தர முடியும். மூலமொழியில் இல்லாத இலக்கணக் கூறு மொழிபெயர்ப்பாளருக்குச் சுமையாக மட்டுமன்றி, கருவியாகவும் அமையும் என்பதை இது காட்டுகிறது.