பாட்டி தமிழும் பக்கத்து வீட்டு வங்காளமும்

மெட்ரோ ரயில் டாலிகஞ்ச் வரை ஓடத் தொடங்கிய 1986-ஆம் ஆண்டில் நான் மாற்றலாகி இங்கே வந்து சேர்ந்தேன். காய்கறியைக் கைகாட்டி வாங்கி, விரல் மடக்கி விலை பேசிய காலம் அது. 'இந்தப் பாஷை நமக்கு வராதப்பா' என்று ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டேன்.

ஒருநாள் வீட்டுக்காரர் மகன், நாளைக்குப் 'பொரிக்கா' என்று முகத்தைத் தொங்கப்போட்டான். அட, இது நம்ம பரீட்சை ஆச்சே! அன்றுதான் கண் திறந்தது. வங்கச் சொற்களில் பெரும்பகுதி வடமொழி வழி வந்தவை. நம் பாட்டிமார் பேசிய தமிழிலும் அச்சொற்கள் ஏராளம். தேர்வு என்று மட்டும் அறிந்த பிள்ளைக்குப் 'பொரிக்கா' புதுச்சொல். பரீட்சை என்றறிந்த பாட்டிக்கோ பாதி தெரிந்த சொல். தனித்தமிழ் அன்பர்கள் கோபிக்க வேண்டாம். இது மொழி கற்கும் உபாயம் மட்டுமே.

நான் கண்ட விதிகள் நான்கு:

ஒன்று, அகரம் பெரும்பாலும் ஒகரமாக ஒலிக்கும். ஜலம் 'ஜொல்', நதி 'நொதி', கஷ்டம் 'கொஷ்டோ'.

இரண்டு, வகரம் பகரமாகும் ('பந்து' என்பதில் உள்ள ஒலி). விஷம் 'பிஷ்', வாயு 'பாயு'.

மூன்று, சொல் முதலில் வரும் யகரம் பல இடங்களில் ஜகரமாகும். யுத்தம் 'ஜுத்தோ', யந்திரம் 'ஜொந்த்ரோ'. ரகரத்தை அடுத்தாலும் அப்படியே: சூரியன் 'ஷூர்ஜோ'.

நான்கு, நாம் 'ட்ச' என்பது இங்கே 'க்க' ஆகும். பிட்சை 'பிக்கா', லட்சுமி 'லொக்கி'.

இவை தெரிந்தால் ஒரு வாரத்தில் நூறு சொல் நிச்சயம் கைவரும். உலகெங்கும் உள்ள வழிதான் இது. ஆங்கிலம் அறிந்தவர் ஸ்பானிய மொழி கற்கும்போது 'நேஷன்' என்பதை 'நாசியோன்' என்றும், 'ஸ்டேஷன்' என்பதை 'எஸ்தாசியோன்' என்றும் மாற்றிக்கொள்கிறார். இரண்டு மொழிகளுக்கும் லத்தீன் செய்த உதவியை நமக்கு வடமொழி செய்கிறது.

கடல் வழி வந்த உதவியும் உண்டு. போர்த்துகீசியர் இரு கரைகளிலும் சொற்களை விட்டுப் போனார்கள். நம் சாவி இங்கே 'சாபி', ஜன்னல் 'ஜானாலா', மேஸ்திரி 'மிஸ்திரி', பொத்தான் 'போதாம்'. வேடிக்கை என்னவென்றால், நமக்குப் பேரிக்காய் தந்த அதே சொல் வங்காளிக்குக் கொய்யாப் பழத்தைத் தந்துவிட்டது: 'பேயாரா'!

இந்த வேடிக்கைதான் ஆபத்தும். உருவம் ஒன்று, பொருள் வேறு. ஸ்பானிய மொழியில் 'எம்பராசாதா' என்பது ஆங்கிலக் காதுக்குக் 'கூச்சப்பட்டவள்' போல ஒலிக்கும். உண்மையில் கர்ப்பிணி என்று பொருள். நம் உபன்யாசம் இங்கே நாவல். நம் சிட்சை தண்டனை; இவர்கள் 'ஷிக்கா' கல்வி. சம்சாரம் என்றால் மனைவி அல்ல, குடும்பம். பால் 'நொஷ்டோ' ஆனது என்றால் வியாபாரத்தில் நஷ்டமில்லை, திரிந்துபோயிற்று.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு மாஷிமா ஒருநாள் என்னை நிறுத்தி, உன் மேல் எனக்கு ரொம்ப 'ஒபிமான்' என்றார். அபிமானம், அதாவது பிரியம் என்று எண்ணி, எனக்கும்தான் என்று பல்லைக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. ராத்திரி ஒரு வங்காளி நண்பரிடம் கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். 'ஒபிமான்' என்பது வேண்டியவர் செய்த குறையால் மனம் நோவது. பிறத்தியார் மேல் அது வராது. அவர் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. பாஷை தெரியாத கூச்சத்தில் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையே மனைவியோடு போனேன். மாஷிமா ஒன்றும் சொல்லவில்லை. உட்காரவைத்து ஆளுக்கொரு சந்தேஷ் கொடுத்தார். பெரியவர் அதன்பின் அதிக நாள் இருக்கவில்லை. இருந்தவரை தினமும் சாயந்திரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில் பேசினேன். தப்பு வந்தால் அவரே திருத்துவார்.

அதிலிருந்து என் நோட்டில் மூன்று பத்தி. முதலில் தமிழ் உரு, அடுத்து வங்க உரு, மூன்றாவதில் யார், எங்கே, எதற்காகச் சொன்னார் என்பது. முதல் இரண்டும் சொல்லைத் தரும். பொருளைத் தருவது மூன்றாவதுதான். வினைச்சொற்களுக்கும் அதுவே வழி. 'காவா' என்றால் சாப்பிடுவது என்று எழுதிவைத்தால் போதாது. தண்ணீர் குடிப்பதும் சிகரெட் பிடிப்பதும்கூட இங்கே 'காவா'தான். அகராதி பார்த்து மட்டும் இது படியாது, கேட்டுத்தான் வரும்.

புதிதாக வந்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலமும் இந்தியும் வைத்து ஆபீஸை ஓட்டிவிடலாம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வங்காளம் வேண்டும். ஊரில் பாட்டி இருந்தால் போன் போட்டு நாலு பழைய வார்த்தை கேட்டு வையுங்கள், இங்கே செலவாணியாகும்.