கோயில் வாசலில் நிற்கும் குழந்தை

குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்திலே என்பது நம் முன்னோர் வாக்கு. தெய்வத்தைக் கொண்டாடுவதில் மலையக மக்கள் எக்காலத்தும் குறை வைத்தவர்களல்லர். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கமாகச் சென்றாலும், பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கமாகச் சென்றாலும், தேயிலைச் சரிவுகளுக்கிடையே தோட்டந்தோறும் கோயிலைக் காணலாம். அரை வயிறு உண்டு ஆலயம் எழுப்பிய பரம்பரை நமது. ஆனால் அக்கோயில் வாசலில் நிற்கும் குழந்தையையும் அவ்வாறே கொண்டாடுகின்றோமா?

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற சிறுமி ஒருத்தி, ஞாயிறு அறநெறி வகுப்புக்கு வருவதைத் திடீரென நிறுத்திக்கொண்டாள். "ஏன் வரவில்லை?" என்று கடிந்து கேட்டோம். தலைகுனிந்து நின்றாள். சோம்பல் என்று முடிவு கட்டினோம். இரவில் அலறுகின்றாள், உண்ண மறுக்கின்றாள் எனக் கலங்கிய வீட்டாரோ, காத்துக் கறுப்பு அண்டிவிட்டதென்று எண்ணி மந்திரிக்க அழைத்துச் சென்றனர். யாரிடம்? எவரைக் கண்டு அவள் நடுங்கினாளோ அவரிடமே!

ஓரிரவு அவளுடைய அப்பாயி, தலையைக் கோதியவாறு, "உன்னை யாரும்மா பயங்காட்டுனது?" என்று கேட்டாள். அதன் பிறகே உண்மை வெளிப்பட்டது. ஏன் வரவில்லை என்று கேட்ட நாம், யாருக்கு அஞ்சி வரவில்லை என்று கேட்கத் தவறினோம். அத்தவறு இன்றும் நெஞ்சை உறுத்துகின்றது. அதனினும் பெரிய தவறு பின்னர் நிகழ்ந்தது. ஊர்ப் பெரியோர் கூடி, "திருவிழா முடியட்டும், பேசலாம்" என்றனர். நாமும் இணங்கினோம். திருவிழா முடியுமுன் அம்மனிதர் வேற்றூர் போய்விட்டார். அங்கும் குழந்தைகள் இருப்பார்களன்றோ?

இஃது ஒரு சமயத்துக்கு மட்டும் உரிய குறையன்று. அவுஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை விசாரணை நடத்திய அரச ஆணைக்குழு, கிறிஸ்தவத் திருச்சபைகள் முதலாகப் பல நிறுவனங்களை ஆராய்ந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், மங்ரோவ் மவுண்டன் என்னுமிடத்திலுள்ள சத்யானந்த யோக ஆச்சிரமமும் அவற்றுள் ஒன்று. 1970களிலும் 1980களிலும் அங்கே சிறுவராயிருந்தோர், 2014 டிசெம்பரில் வந்து சாட்சியமளித்தனர். பாதிக்கப்பட்டோர் வாய் திறப்பதற்குச் சராசரியாக இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றதென அவ்வாணைக்குழு கண்டறிந்தது. குழந்தையின் மௌனம், ஒன்றும் நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது.

தமிழகத்தில் பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு விடும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947இல் சட்டத்தால் தடுத்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதற்காக நெடுங்காலம் போராடினார். சமயம் கெடும் என்று அஞ்சியோர் அன்றும் இருந்தனர். சமயம் கெடவில்லை, குழந்தைகள் தப்பினார்கள்.

நம் தோட்டங்களில் இடர்ப்பாடு சற்று அதிகம். தாய் காலைப் பிரட்டுக்குப் போனால் மாலையிலேயே திரும்புகின்றாள். சில வீடுகளில் தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் உழைக்கின்றாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்வோர் அயலவரும் உறவினருமே. கோயிலுக்கோ மேலதிகாரி என்று ஒருவரில்லை. நிருவாக சபையினரும் பூசாரியும் குற்றஞ் சாட்டப்பட்டவரும் ஒருவருக்கொருவர் உறவாயிருத்தல் கூடும். மானம் போகும், சாமி குத்தம் ஆகும் என்னும் அச்சம் வேறு. ஆகையால் இத்தகைய முறைப்பாட்டை ஊர்க்கூட்டத்துக்குள் அடக்குதல் கூடாது. அது தோட்டத்துக்கு வெளியே செல்லுதல் வேண்டும்.

செல்வதற்கு வழியுண்டு. 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம், சிறுவரைக் கொடுமைப்படுத்துவதையும் பாலியல் துஷ்பிரயோகத்தையும் கடுங் குற்றங்களாக வகுத்தது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவாயிற்று. அதன் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு எந்நேரமும் தமிழிலேயே முறையிடலாம். குழந்தை கூறுவதை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றில் சான்றாக ஏற்கவும் 1999ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்துள்ளது.

ஆலய சபையினர் இன்றே செய்யத்தக்கனவும் உள. அறநெறி வகுப்பிலே பெரியவர் இருவர் இருத்தல் வேண்டும். ஒருவர் பெண்ணாயிருத்தல் நன்று. மூடிய கதவுக்குள் குழந்தையோடு எவரும் தனித்திருத்தலாகாது. மந்திரித்தாலும் திருநீறு இட்டாலும் தாயோ பாட்டியோ உடனிருக்கட்டும். பேயோட்டுவதாகப் பிள்ளையை அடித்தால் அது வழிபாடன்று, குற்றம்.

பெற்றோரே, பிள்ளை திடீரென ஓரிடத்துக்குப் போக மறுத்தால் அதட்டாதீர்கள். அருகமர்த்திப் பொறுமையாகக் கேளுங்கள். சொன்னதை நம்புங்கள். "உன்மேல் பிழையில்லை" என்னும் ஒரு சொல்லே முதல் மருந்து. மாணவச் செல்வங்களே, யாரிடமும் சொல்லாதே என்று ஒருவர் தொட்டால், அதை உடனே நம்பிக்கையானவரிடம் சொல்லுங்கள். அவர் கேளாவிடில் மற்றொருவரிடம் சொல்லுங்கள்.

அச்சிறுமி மீண்டும் பள்ளிக்கு வரலானாள், நன்றாகவும் படித்தாள். ஆனால் திருவிழாவன்று மேளச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று அவளுடைய அப்பாயி சொன்னாள். கோபுரத்துக்கு வர்ணம் பூச ஆண்டுதோறும் பணம் சேர்க்கின்றோம். அவள் அஞ்சாமல் வந்து நிற்கத்தக்க வாசலாக அக்கோயில் வாசலை ஆக்குவதற்குப் பணம் தேவையில்லை. நாம் வாய் திறந்தாற் போதும்.