வளைவில் பஸ் திரும்பும்போது நம்மை வெளியே தள்ளுவது யார்? விடை: யாருமே இல்லை!

கொல்லிமலைக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் வலது பக்கம் திரும்பினால் நாம் இடது பக்கம் சாய்வோம். இடது பக்கம் திரும்பினால் வலது பக்கம் சாய்வோம். யாரோ பிடித்துத் தள்ளுற மாதிரியே இருக்கும். ஆனால், சாலையோரம் நின்று பார்ப்பவருக்கு, உங்களை வெளியே தள்ளும் விசை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

அப்போ ஏன் சாய்கிறோம்?

ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளும், வேறு விசை குறுக்கிடாத வரை நேர்கோட்டில்தான் போகும். இது நியூட்டனின் முதல் விதி. பஸ் திரும்பிவிடுகிறது. உங்கள் உடம்போ பழைய திசையிலேயே நேராகப் போகப் பார்க்கிறது. சீட்டோ, கம்பியோ உங்களை வளைவின் உள்பக்கமாக இழுத்தால்தான் நீங்களும் பஸ்ஸோடு சேர்ந்து திரும்ப முடியும். வட்டத்தின் மையத்தை நோக்கி இழுக்கும் இதைத்தான் 'மையநோக்கு விசை' என்கிறோம்.

கயிற்றில் ஒரு ரப்பர் பந்தைக் கட்டிச் சுற்றிப் பாருங்கள். அங்கே அந்த விசையைக் கொடுப்பது கயிறு. சட்டென்று கயிற்றை விட்டால், பந்து அந்த நொடியில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதே திசையில் நேராகப் பறக்கும்.

வேகம் 2 மடங்கு, விசை 4 மடங்கு!

கார், பஸ்ஸுக்குக் கயிறு எது? டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வுதான். அது எவ்வளவு தேவை என்பது எடை, வேகம், வளைவின் அளவு ஆகியவற்றைப் பொறுத்தது. இதில் வேகம்தான் வில்லன். வேகம் இரண்டு மடங்கானால், தேவைப்படும் விசை நான்கு மடங்காகிவிடும்.

1,000 கிலோ எடையுள்ள கார், 15 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம்.

* 20 கி.மீ. வேகத்தில்: சுமார் 210 கிலோ எடைக்குச் சமமான விசை போதும்.
* 40 கி.மீ. வேகத்தில்: சுமார் 840 கிலோ தேவை!

காய்ந்த தார் ரோட்டில் நல்ல டயர்களே சுமார் 700, 800 கிலோ அளவுக்குத்தான் பிடிப்பு தரும். மழையில் அது இன்னும் வெகுவாகக் குறையும். பிடிப்பு போதவில்லை என்றால் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும்.

பஸ், லாரி கவிழ்வது ஏன்?

உராய்வு வேலை செய்வது கீழே, டயரில். ஆனால் வண்டியின் எடை மேலே இருக்கிறது. டயர் திரும்பிவிடும், மேல்பகுதி நேராகப் போகப் பார்க்கும். டாப்பில் லோடு ஏற ஏற கவிழும் ஆபத்தும் ஏறும். இதற்காகத்தான் வளைவுகளில் சாலையின் வெளி ஓரத்தைச் சற்று உயர்த்திப் போடுகிறார்கள். அந்தச் சாய்வும் வண்டியை உள்பக்கமாகத் திருப்ப உதவுகிறது.

படிக்கட்டில் தொங்கினால்?

நம்ம ஊர் பஸ்ஸில் படிக்கட்டு இடது பக்கம். பஸ் வலது பக்கம் திரும்பும்போது அதுதான் வளைவின் வெளிப்பக்கம். அங்கே தாங்கிப் பிடிக்கச் சுவரும் இல்லை, சீட்டும் இல்லை. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் பஸ் 40 கி.மீ. வேகத்தில் போனால், 60 கிலோ எடையுள்ள ஒருவரை உள்ளே இழுத்து வைக்க சுமார் 25 கிலோ அளவுக்கு விசை தேவை. அரிசி மூட்டை ஒன்றைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி! அதில் பெரும்பகுதியைக் கம்பியைப் பிடித்திருக்கும் கைதான் கொடுக்க வேண்டும். கை வழுக்கினால், அறுந்த கயிற்றுப் பந்தின் கதைதான்.

என்ன செய்யணும்?

வளைவுக்குள் போன பிறகு பிரேக் அடிக்காதீர்கள். டயரின் பிடிப்பு ஒன்றுதான். அதை பிரேக்கும் திருப்பமும் பங்கு போட்டுக்கொண்டால் வண்டி வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வேகத்தைப் பாதியாக்கினால், தேவைப்படும் விசை கால்வாசியாகிவிடும். அடுத்த முறை வளைவுக்கு முன்னால் 'மெதுவாகச் செல்லவும்' போர்டைப் பார்த்தால், இந்தக் கணக்கு ஞாபகத்துக்கு வரட்டும்!