வழியில் கிடந்த கல்

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்கள் அதன் மேற்புறத்தை நாள்தோறும் துடைக்கிறார்கள். கண்ணாடியில் தூசி படிந்தால் மனம் பொறுப்பதில்லை. கதவில் ஒரு கீறல் விழுந்தால் இரண்டு நாள் உறக்கம் வருவதில்லை. ஆனால், அதே வண்டியின் அடிப்புறம் எப்படி இருக்கும் என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. வண்டிக்கு உயிர்நாடியான உறுப்புக்கள் பலவும் அங்கேதான் இருக்கின்றன. இந்த உண்மையை நான் மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். வாசகர்களாவது செலவில்லாமல் கற்றுக்கொள்ளட்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

தென்மேல் பருவமழை ஓங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நுவரெலியாவில் உறவினர் வீட்டு வைபவம் ஒன்றை முடித்துக்கொண்டு, மனைவியுடனும் மகளுடனும் ஹட்டனை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தேன். தலவாக்கலையைத் தாண்டும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்கும் திருப்பத்தைக் கடந்து சிறிது தூரம் வந்திருப்போம். பனிமூட்டத்தில், தேங்காயளவு கல் ஒன்று சாலை நடுவில் கிடந்தது. கண்டேன், ஆனால், எதிரே பஸ் வந்தது, ஒதுங்க இடமில்லை. இரு சக்கரங்களுக்கும் நடுவில் விட்டுவிடலாம் என்று எண்ணினேன். 'டம்' என்று காலுக்கடியில் ஓர் ஓசை கேட்டது.

"என்னங்க, நிறுத்திப் பாருங்க" என்றாள் மனைவி.

"ஒன்றுமில்லை, கல்தான்" என்றேன் நான்.

சற்று நேரத்தில் எண்ணெய்க் குவளை போன்ற சிவப்பு விளக்கு என் முன்னே எரிந்தது. மழை, இருட்டு, உடன் பெண் குழந்தை. இன்னும் சில கிலோமீட்டர் போனால் கொட்டகலை. எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஓட்டினேன். எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் கேட்கத் தொடங்கிற்று. கொட்டகலை விளக்குகள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எஞ்சின் முனகி நின்றுவிட்டது. பிறகு அது இயங்கவே இல்லை.

மறுநாள் வண்டியைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக், தேயிலைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற முதியவர். ஐந்து ரூபாய்க் குற்றியைவிடச் சிறியதொரு துளையை விரலால் சுட்டிக் காட்டினார். "சேர், கல்லு உடைச்சது எண்ணெய்த் தொட்டியை. எஞ்சினை உடைச்சது நீங்கதான்" என்றார். என்ன மறுமொழி கூறுவது? நகத்தால் கிள்ள வேண்டியதற்குக் கோடரி எடுப்பார்கள் என்பது பழமொழி. நானோ நகத்தால் கிள்ளியிருக்க வேண்டியதை, கோடரிக்கும் அசையாத மரமாக வளர்த்துவிட்டேன்.

அடியில் இருப்பவை யாவை?

சிறிய கார்களின் அடிப்புறத்துக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள வெளி பெரும்பாலும் ஐந்து முதல் ஆறு அங்குலமே. ஐந்து பேர் ஏறி, பின்பெட்டியில் மரக்கறி மூட்டையும் வைத்துவிட்டால் அதிலும் குறையும். அந்த வெளிக்கு மேலே எஞ்சினின் அடியில் இருப்பதுதான் 'சம்ப்' எனப்படும் எண்ணெய்த் தொட்டி. சிறிய கார்களில் அது ஏறத்தாழ மூன்று முதல் நான்கு லீற்றர் எண்ணெய் கொள்ளும். எஞ்சின் சுழலும்போது, ஒரு பம்பி அந்த எண்ணெயை வடிகட்டி வழியாக உறிஞ்சி மேலே அனுப்புகிறது. எஞ்சினுக்குள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் தண்டு, தன்னைத் தாங்கும் உலோகத்தைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நிற்கிறது. அந்தப் படலம் அற்றுப்போனால் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து, சூடேறி, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்களே போதும்.

சிவப்பு விளக்கின் பொருள் இங்கேதான் விளங்குகிறது. 'எண்ணெய் குறைகிறது, வீடு போனதும் ஊற்றுங்கள்' என்று அது சொல்வதில்லை. 'எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிட்டது. இப்போதே நிறுத்துங்கள்' என்று சொல்கிறது. பாதுகாப்பான ஓரத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஒருமுறை முடுக்கிப் பார்ப்போம் என்ற ஆசையும் கூடாது. அன்று நான் அவ்வாறு செய்திருந்தால், ஒரு தொட்டியின் செலவோடு விஷயம் முடிந்திருக்கும்.

சிந்தும் துளி சொல்லும் செய்தி

கல் தட்டியபின் வண்டியை நிறுத்தி, கைப் பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, பக்கவாட்டில் நின்று டோர்ச் வெளிச்சத்தில் குனிந்து பாருங்கள். அடியில் நுழைய வேண்டாம். கீழே ஏதேனும் சொட்டுகிறதா? கருமையாகவோ பழுப்பாகவோ வழுவழுப்பாகச் சொட்டினால் அது எஞ்சின் எண்ணெய். சிவப்பு எண்ணெய் பெரும்பாலும் தானியங்கிக் கியர்ப் பெட்டியிலிருந்து வருவது. பச்சை அல்லது இளஞ்சிவப்பு நீர் ரேடியேட்டருக்கு உரியது. இவற்றில் எது சொட்டினாலும் பயணம் அங்கேயே முடிந்தது என்று கொள்ளலாம். பெற்றோல் மணம் வந்தால் பிள்ளைகளை இறக்கித் தொலைவில் நிறுத்துங்கள். அருகில் எவரும் தீக்குச்சி கிழிக்கலாகாது. மணமும் நிறமும் இல்லாத தெளிந்த நீர் மட்டும் சொட்டினால், அது குளிரூட்டியின் நீராக இருக்கலாம், அதனால் கேடில்லை.

சக்கரத்தருகே மஞ்சள் சாயலான மெல்லிய திரவம் கசிந்தாலோ, பிரேக்கை மிதிக்கும்போது பஞ்சை மிதிப்பது போன்று கால் அமிழ்ந்தாலோ, ஓர் அடிகூட நகரக் கூடாது. பிரேக் குழாய் உடைந்த வண்டியோடு கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்குவதை எண்ணிப் பாருங்கள். றம்பொடை இறக்கத்தை எண்ணிப் பாருங்கள். எஞ்சின் போனால் பணத்தோடு போயிற்று. பிரேக் போனால் அப்படியன்று.

பழுது பார்க்கும் முறை

எண்ணெய்த் தொட்டி இருவகை. உருக்குத் தகட்டினாலான தொட்டி அடிபட்டால் பெரும்பாலும் நெளியும். அலுமினியத்தில் வார்த்த தொட்டி வெடிக்கும். நெளிந்ததில் எண்ணெய் சொட்டவில்லை என்று மகிழ்வதற்கில்லை. உள்ளே தள்ளப்பட்ட தகடு வடிகட்டியின் வாயை அடைத்துவிட்டால், தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் எஞ்சின் பட்டினி கிடக்கும்.

முறையான வேலை தொட்டியைக் கழற்றுவதில் தொடங்குகிறது. உள்ளும் புறமும் எண்ணெய்ப் பிசுக்கு அறவே போகக் கழுவ வேண்டும். உருக்குத் தொட்டியானால் நெளிவைத் தட்டி நிமிர்த்தி, துளையை வெல்டிங் செய்யலாம். அலுமினியமானால் வெடிப்பின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, அது மேலும் ஓடாதபடி தடுத்து, ஆர்கன் வாயு வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். எஞ்சினோடு பொருந்தும் விளிம்பு கோணிப்போயிருந்தால் வேறு தொட்டி வாங்குவதே மேல். வெல்டிங் முடிந்ததும் மண்ணெண்ணெயை ஊற்றிச் சிறிது நேரம் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத கசிவும் வெளியில் ஈரமாகத் தெரிந்துவிடும். பிறகு புதிய காஸ்கட் அல்லது பசை, புதிய வடிகட்டி, புதிய எண்ணெய். பசை இறுகுவதற்குரிய நேரத்தைக் கொடுக்காமல் எண்ணெய் ஊற்றினால் பட்ட பாடெல்லாம் வீண். நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை மீண்டும் அடியில் பார்த்துக்கொள்வது நன்று.

"கழற்றாமலே பசை அப்பித் தருகிறேன்" என்பவரும் உண்டு. அது வண்டியைக் கராஜ்வரை கொண்டுபோகச் செய்யும் முதலுதவி. அதனைச் சிகிச்சை என்று நம்பிவிடக் கூடாது. பிரேக் குழாய்க்கு அந்த முதலுதவியும் ஆகாது. நசுங்கிய குழாயை மாற்றி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றியாக வேண்டும். பெற்றோல் தொட்டியோ வெறுமையாய் இருந்தாலும் ஆவி நிறைந்தது. அதனருகே வெல்டிங் தீப்பொறி பறக்கவிடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

நுவரெலியாவின் குளிரில் கண்ணாடிகளை மூடிக்கொண்டு ஓட்டும் நமக்கு இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும். புகைக் குழாயில் துளை விழுந்து ஓசை பெருத்தால், இரைச்சல்தானே என்று இருந்துவிட வேண்டாம். நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு வண்டிக்குள் புகக்கூடும். உறக்கம் போல வந்து உயிரைக் கவர்வது அது. இன்று நம் சாலைகளில் மிகுந்துள்ள ஹைபிரிட் கார்களில், உயர் மின்னழுத்தக் கம்பிகள் செம்மஞ்சள் உறைக்குள் வண்டியின் அடியில் செல்கின்றன. அந்த நிறத்துக் கம்பி தொங்கக் கண்டால் தொடாதீர்கள்; பயிற்சி பெற்றவரை அழையுங்கள். மின்கார்கள் பலவற்றில் பற்றரியே தளத்துக்கு அடியில் இருப்பதால், அடி சிறிதாயினும் பரிசோதனை கட்டாயம்.

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் சக்கரத்தைத் தாங்கும் கை வளைந்திருக்கலாம்; அதனையும் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றிய அடிமறைப்பைத் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். வேலைக்கு இடைஞ்சல் என்று கராஜிலேயே விட்டுவிடுவதுண்டு. வீட்டில் தாமே வேலை பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு சொல்: ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கன்று. உறுதியான தாங்கிகளை வைக்காமல் அடியில் தலையை நீட்டாதீர்கள்.

கல் எங்கிருந்து வந்தது?

நம் மலைநாட்டுச் சாலைகள் மலையின் விலாவை வெட்டி அமைத்தவை; ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் பள்ளத்தாக்கு. வட்டவளைப் பகுதி இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களில் ஒன்று. நீர் ஊறிய மேட்டிலிருந்து மண்ணும் கல்லும் சரிவது இயல்பே. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தபோது அந்த இயல்பே ஊழிக்கூத்தாயிற்று. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து லயங்களும் வீடுகளும் புதைந்தன. சாலைகளும் புகைவண்டிப் பாதைகளும் துண்டிக்கப்பட்டன. அந்தத் துயரின் முன் ஒரு காரின் எண்ணெய்த் தொட்டி எம்மாத்திரம்! ஆயினும், நோயாளியையும் நிவாரணப் பொருளையும் ஏற்றிச் செல்லும் வண்டியும் அதே சாலையில்தான் செல்ல வேண்டும் என்பதை மறக்கலாகாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. மழைக்காலத்தில் புறப்படுமுன் அதனைக் கேட்டறிவதும், இரவுப் பயணத்தைத் தவிர்ப்பதும், முன்னே செல்லும் வண்டியை நெருங்காமல் ஓட்டுவதும் நமக்கு ஏற்ற காப்புக்கள்.

ஆனால், எல்லாக் கல்லையும் மலையின் தலையில் சுமத்த முடியாது. ஏற்றத்தில் பழுதாகி நிற்கும் லொறிக்குச் சக்கரம் உருளாதபடி கல் வைக்கிறார்கள். பழுது தீர்ந்ததும் லொறி போய்விடுகிறது. கல் மட்டும் சாலையிலேயே தங்கிவிடுகிறது. அன்று என் வண்டியில் பட்டதும் அத்தகைய கல்லாக இருக்கலாம். மலை உருட்டியதாகவும் இருக்கலாம்.

அன்றிரவு நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். என் காரை ஏற்றிச் செல்ல வந்த லொறி சரிவில் நிற்பதற்காக, உதவியாளப் பையன் இரண்டு கற்களைப் பின்சக்கரத்தடியில் வைத்தான். கார் ஏறியது, லொறி நகர்ந்தது. மழையில் நனைந்த அவன் ஓடிவந்து முன்னால் ஏறிக்கொண்டான். உடன் வந்த முதிய மெக்கானிக் லொறியை நிறுத்தச் சொன்னார். "தம்பி, கல்லை எடுத்து ஓரத்தில போட்டுட்டு வா. பின்னால ஒருத்தன் புள்ளைகுட்டியோட வருவான்" என்றார்.

பையன் தயங்கினான். நான் இறங்கினேன். அவனும் இறங்கினான். ஆளுக்கொரு கல்லாகத் தூக்கிக் கானுக்கு அப்பால் வைத்தோம். சட்டை முழுதும் நனைந்தது. மூன்று மாதச் சம்பளம் போன அந்த இரவில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று மனைவி இன்றும் சொல்லுவாள்.