தரிசு என்று எழுதிவிட்டால் தாழி என்னாகும்?

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைக்கு நிலம் தேடி வருகிறவர்கள் முதலில் கேட்பது மேட்டு நிலம். தண்ணீர் தேங்கக் கூடாது, நஞ்சையாக இருக்கக் கூடாது, அடியில் சரளை இருந்தால் ரொம்ப நல்லது. இரும்புக்கால மக்களும் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் போட்டார்கள். விளைகிற பள்ளத்தை உயிரோடிருப்பவர்களுக்கு விட்டுவிட்டு, விளையாத மேட்டைச் செத்தவர்களுக்குக் கொடுத்தார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இதே மாவட்டத்து அத்திரம்பாக்கத்தின் கற்காலக் கைக்கோடரிகளையும் குடியம் குகைகளையும் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. அமிர்தமங்கலத்தைப் பற்றித்தான் பேச்சே இல்லை. இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த என்.ஆர்.பானர்ஜி 1955இல் அங்கே அகழ்ந்து, ஈமத்தாழிகளை வெளிக்கொண்டு வந்தார். அன்று அது செங்கல்பட்டு மாவட்டம், இன்று திருவள்ளூர். மதுராந்தகம் பக்கத்துச் சாணூரில் 1950இலும் 1952இலும் தோண்டியபோது கல்வட்டங்களுக்குள் கால் வைத்த சுடுமண் பேழைகள் கிடைத்தன. பல்லாவ​ரத்திலும் 19ஆம் நூற்றாண்டிலேயே அப்படியொரு பேழையை அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்திருந்தார்.

இவற்றில் முழு உடலைப் படுக்க வைத்தது குறைவு. பெரும்பாலும் உடலை வேறெங்கோ வைத்து, சதை கழிந்தபின் எலும்புகளைப் பொறுக்கி வந்து தாழியிலோ பேழையிலோ இட்டார்கள். ஒரே குழியில் பலருடைய எலும்புகள் கிடப்பதும் உண்டு. கூடவே கறுப்பு–சிவப்புக் கலயங்கள், இரும்புக் கத்தி, ஈட்டிமுனை. ஆக, ஒரே நாளில் முடிந்த சடங்கு இல்லை; குடும்பமே திரும்பத் திரும்ப வந்துபோன இடமாகவும் இருந்திருக்கலாம். சுடுவது, இடுவது, தாழியில் கவிப்பது உட்பட ஐந்து வழிகளை மணிமேகலை அடுக்குவதால், பிற்காலத்திலும் இவ்வழக்கு மறக்கப்படவில்லை என்று தெரிகிறது. கல்வட்டங்கள் வானம் பார்க்க வைத்தவை என்போரும் இருக்கிறார்கள். நம் பக்கத்துக் குழிகளில் கிடைப்பது எலும்பும் பானையும்தான்.

அந்த மேடுகளில் இப்போது ஜேசிபி நிற்கிறது. சாலை போட கிராவல், பள்ளம் நிரப்ப கிராவல், ஆலைக்கு அடித்தளம் போடவும் கிராவல். வட்டத்துக் கற்கள் அஸ்திவாரத்துக்குப் போகும். அடுத்த வெட்டில் தாழியின் விளிம்பு தெரியும். புதையல் என்று ஊரே கூடும். எலும்புத் துண்டும் துருப்பிடித்த இரும்பும் கிடைத்ததும் கலைந்துவிடும். ஆலை வந்ததால்தான் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது என்று ஊர்க்காரர்கள் சொல்வதும் நியாயமே. ஆனால் ஒரு லோடு மண்ணோடு போகிற குழியை எந்த ஆய்வுக்கூடத்தாலும் மீட்க முடியாது. திருவண்ணாமலை மாவட்டம் கீழ்நமண்டியில் ஈமப்பேழைக் குழி அசையாமல் இருந்ததால்தான் அங்கிருந்த கரித்துண்டைக் கொண்டு கி.மு. 1692 என்று காலம் கணிக்க முடிந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. பாதுகாக்கப்பட்ட மத்திய சின்னமென்றால் சுற்றிலும் 100 மீட்டருக்குக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். பட்டியலில் ஏறாத மேட்டுக்கு இது பொருந்தாது. மிஞ்சுவது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம்: மண்ணுக்குள் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். உடைந்த தாழிக்கு அந்தப் பத்து ரூபாய் மதிப்பை யார் போடுவது? கிராவல் அனுமதிக்கு முன்னால், பானை ஓடு தெரிந்தவர் ஒருவர் அந்த மேட்டில் அரை நாள் நடந்து பார்த்துவிடலாம். அதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை.